இருபது லிட்டர் கேனிலிருந்து பத்து லிட்டர் கேனுக்கு: முகாமுக்குத் தண்ணீர் சுமந்த ஒன்பது வருட அனுபவம்

ஜவ்வாது மலைக்கு நாங்கள் முதன்முதலில் கூடாரம் எடுத்துக்கொண்டு போனது 2016-ல். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகிற சாலை. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே அமைந்ததற்குக் காரணமே அந்த மலையின் இருட்டான வானம்தான். எங்களுக்கும் நட்சத்திரம் பார்க்கும் பைத்தியம் உண்டு. தெரிந்த ஒருவரின் நிலத்தில் கூடாரம் போட இடம் கிடைத்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது போய்வருகிறோம்.

வானம் தெளிவாக இருப்பது தை முதல் சித்திரை வரை. மலையில் தண்ணீர் வற்றுவதும் அதே மாதங்களில்தான். நிலத்துக்காரர் வீட்டு அம்மா முதல் வருடமே சொல்லிவிட்டார்: "பங்குனியிலயே கெணறு வத்திப்பூடும்ங்க, தண்ணி நீங்களே எடுத்தாந்துடுங்க." இத்தனை வருடமும் நான் பாத்திரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

முதலில் எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வரும். அமெரிக்கர்கள் சொல்லும் கணக்கு அது. நம் வழக்கத்துக்குப் போதவே போதாது. காலைக்கடனுக்கு நமக்குத் தண்ணீர் வேண்டும். சோறு வடிக்க, தட்டு கழுவ, சாப்பிடும் முன்னும் பின்னும் கை அலம்ப என்று எல்லாவற்றுக்கும் வேண்டும். குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆளுக்கு ஐந்து லிட்டர், புழங்குவதற்கு இன்னொரு ஐந்து லிட்டர் என்று வைத்தால்தான் எங்களுக்குச் சரியாக வருகிறது. நான்கு பேர் ஓர் இரவும் மறுநாள் பாதியும் தங்க நாற்பது லிட்டர், அதாவது நாற்பது கிலோ. இந்தச் சுமையை எதில் பிரித்துக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

முதல் வருடம் வீட்டுக்கு வாங்கும் இருபது லிட்டர் பபிள் கேனையே இரண்டு எடுத்துக்கொண்டு போனோம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதில் மூன்று சங்கடங்கள். உருண்டையாக இருப்பதால் டிக்கியில் நிற்காது, கொண்டை ஊசி வளைவுகளில் உருளும். மேலே இருக்கும் மூடி ஒருமுறை பிய்த்தால் திரும்ப இறுக்கமாக மூடாது. எங்கள் கேனில் கைப்பிடியும் கிடையாது. கல்லும் முள்ளுமான தரையில், இருட்டில், இருபது கிலோவை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்த என் தம்பிக்கு மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக் கூடத்தில் ஸ்டாண்டு போட்டு வைக்க அதைவிட நல்ல கேன் கிடையாது. மலைக்கு அது வேண்டாம்.

அடுத்த வருடம் மடக்கும் பை வாங்கினேன். தண்ணீர் ஊற்றினால் இருபது லிட்டர் பெட்டி மாதிரி நிற்கும், காலியானால் சப்பட்டையாக மடங்கிவிடும். அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் விளம்பரத்தை இணையத்தில் பார்த்தபோது இதைவிடப் புத்திசாலித்தனமான பொருள் இருக்க முடியாது என்றுதான் தோன்றியது. இரண்டு பயணம் நன்றாகவே போனது.

மூன்றாவது பயணம் 2017 பங்குனியில். டிக்கியில் பையை வைத்து, பக்கத்தில் கூடாரத்தையும் படுக்கைகளையும் அடுக்கியிருந்தேன். மலை ஏறும்போது ஏதோ ஒரு வளைவில் கூடாரப் பை சரிந்து குழாயின் திறப்புப் பிடியின்மேல் அழுத்தியிருக்கிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு போனதால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மேலே போய் டிக்கியைத் திறந்தால் ஈரப் பாயின் வாடை. மூன்று படுக்கையும் ஊறிப்போயிருந்தன. பையைத் தூக்கினேன், அடியில் மூன்று லிட்டர் இருந்திருக்கும். மணி ஏழு. மகளுக்கு அப்போது நான்கு வயது, வந்ததும் வராததுமாகத் தண்ணீர் கேட்டாள். முன் சீட்டில் இருந்த இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்தான் கையில் இருந்தது. விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். தூரத்து அடிபம்பிலிருந்து அவரே சுமந்து வந்த தண்ணீர் அது. குடத்தின் வாயில் இலை மிதந்துகொண்டிருந்தது, தளும்பாமல் இருக்கப் போட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு இரண்டு முடிவுகள் எடுத்தேன். எல்லாத் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் வைக்கக் கூடாது. பயணத்தின்போது குழாய் பொருத்திய எதிலும் தண்ணீர் ஏற்றக் கூடாது. இன்றுவரை இரண்டையும் மாற்றவில்லை.

மடக்கும் பையைப் பற்றி இன்னும் ஒன்று. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பைக்குள் அடைபட்ட காற்று விரியும். அடிவாரத்தில் தளர்வாக இருந்த பை மேலே போனதும் பலூன் மாதிரி விறைத்து நிற்கும், மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். நிரப்பும்போதே பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால் இந்தத் தொல்லை குறையும். மடிக்கும் இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்ததில் என் பை ஒரு மூலையில் கசியவும் தொடங்கியிருந்தது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பவை நான்கு பத்து லிட்டர் வெள்ளைக் கேன்கள். பிளாஸ்டிக் சாமான் கடைகளில் பால்காரர்கள் வாங்கும் அதே கேன். 2018-ல் வாங்கியது, ஒன்று இருநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. நான்கும் இன்றைக்கும் ஓடுகின்றன.

வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணும் எச்டிபிஇ (HDPE) என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கானது என்பதைக் காட்டும் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி இருந்தால் இன்னும் நல்லது. கெட்டியான பிளாஸ்டிக், கீழே விழுந்தால் நசுங்குமே தவிர லேசில் உடையாது. பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு அதே வெள்ளைக் கேன் கிடைக்கும், தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் முன்பு ஆசிட் இருந்ததா, தின்னர் இருந்ததா, பூச்சி மருந்து இருந்ததா என்று விற்பவருக்கே தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. சமையல் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் கேனை மட்டும் நான் வைத்திருக்கிறேன், அதுவும் கை கால் கழுவும் தண்ணீருக்கு. அந்த எண்ணெய் வாடை ஆறு வருடமாகியும் முழுதாகப் போகவில்லை.

கேனைவிட மூடியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். கடையிலேயே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகச் செய்தித்தாள்மேல் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். தாளில் ஈரம் தெரிந்தால் அந்தக் கேன் வேண்டாம். மூடிக்குள் வாஷர் தனியாகக் கழன்று வருவதாக இருக்க வேண்டும், அப்போதுதான் தேய்ந்தால் மாற்ற முடியும். மூடியோடு சேர்ந்தே வார்த்த வாஷர் கெட்டால் அதே அளவில் மூடி தேடி அலைய வேண்டியதுதான்.

ஏன் பத்து லிட்டர்? நிரப்பினால் பத்தரைக் கிலோ வரும். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கினால் உடம்பு நேராக நிற்கும், இடுப்பு ஒரு பக்கம் இழுக்காது. என் மனைவி தூக்குவாள், அறுபத்தெட்டு வயது அம்மாவும் ஒன்றைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றிவிடுவார். ஒன்று கவிழ்ந்தாலும் முப்பது லிட்டர் மிச்சம் இருக்கும். இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதில்லை. 1937 வாக்கில் ஜெர்மானிய ராணுவத்துக்காக உருவான இருபது லிட்டர் இரும்புக் கேனின் தலையில் மூன்று கைப்பிடி வைத்தார்கள், நிறைந்ததை இரண்டு பேர் பகிர்ந்து தூக்க, காலியானதைக் கைக்கு இரண்டாக ஒருவரே எடுத்துப்போக. ஜெர்மானியர்களை ஆங்கிலேயர்கள் ஜெரி என்று அழைத்ததால் அது ஜெரிகேன் ஆனது. தூக்கப் போகிறவரின் கையை நினைத்துச் செய்த பாத்திரம் என்பதால் அந்த வடிவத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான்கில் இரண்டின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அது புழங்கும் தண்ணீர். துணி இல்லாதது குடிக்க. இருட்டில் டார்ச் அடிக்காமலே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கேன்களைக் கழுத்துவரை நிரப்பி, பின் சீட்டை ஒட்டி நிற்கவைத்து, கயிற்றால் கட்டிவிடுவேன். பாதி நிரம்பிய கேன் வளைவுகளில் அலைமோதி மூடியை முட்டிக்கொண்டே இருக்கும். குழாய் வேண்டுமென்றால் முகாமுக்குப் போனபிறகு குழாய் வைத்த மூடியை மாட்டிக் கேனைப் படுக்கவைக்கலாம். ஆனால் உள்ளே காற்றுப் போக வழியில்லாவிட்டால் தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும். நாங்கள் ஒரு சொம்போடு நிறுத்திக்கொண்டோம்.

வெயிலில் வைத்தால் எந்தப் பிளாஸ்டிக் தண்ணீரிலும் ஒரு வாடை ஏறும். மரத்தடியில் வைத்து ஈரச் சாக்கைப் போர்த்தினால் வாடையும் வராது, தண்ணீரும் குளிர்ந்திருக்கும்.

கழுவுவதுதான் உண்மையான வேலை. கை உள்ளே போகிற அகல வாய் கேன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். என்னிடம் ஒன்றுதான் அப்படி. மற்ற மூன்றுக்கும் ஒரு கைப்பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்குகிறேன், ஓரத்தில் படியும் வழவழப்பை அரிசி தேய்த்து எடுத்துவிடும். வாடை இருந்தால் சமையல் சோடா கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் போதும். பிறகு மூடியைக் கழற்றி, இரண்டு நாள் தலைகீழாகக் காயவைத்து, மூடாமலே பரணில் வைக்க வேண்டும். 2019-ல் அவசரத்தில் ஈரத்தோடு மூடி வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது வாஷர் பள்ளத்தில் கறுப்பாகப் பூசணம் இருந்தது.

இதெல்லாம் கார் போகும் இடங்களுக்கு. ஏறிப் போகும் மலைக்குக் கேன் உதவாது. பர்வதமலையில் உச்சிக்குக் கொஞ்சம் முன்பு கடப்பாறைகளைப் பாறையில் அடித்துப் படியாக்கியிருக்கும் இடம் வரும். அங்கே இரண்டு கையும் சங்கிலிக்கும் கம்பிக்கும் வேண்டும், தண்ணீர் முழுவதும் முதுகில்தான் இருக்க வேண்டும். குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் இரண்டு லிட்டர் பை ஒன்றை மூன்று வருடம் பயன்படுத்தினேன். நடந்துகொண்டே குடிக்க வசதிதான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது, உச்சிக்கு முன்பே தீர்ந்துவிடும். அந்த மெல்லிய குழாயின் உட்புறத்தைச் சுத்தமாக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. இப்போது ஆளுக்கு மூன்று ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். கனம்தான், ஆனால் ஒன்று முடிந்ததும் இன்னும் இரண்டு இருக்கிறது என்று தெரியும். நீலகிரி மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ள இடங்களில் சோதனைச் சாவடியில் பேச்சே வராது. ஒற்றைச் சுவர் பாட்டிலாக இருந்தால், மூடியைக் கழற்றி அடுப்பில் வைத்து வெந்நீரும் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்க் போல இரட்டைச் சுவர் உள்ளதை மட்டும் நெருப்பில் வைக்கக் கூடாது.

இந்தப் பங்குனியிலும் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். கிளம்பும் முன் இரண்டு கேனுக்கு வாஷர் மாற்றினேன், இந்த ஏழு வருடத்தில் அதற்கு ஆன செலவு அவ்வளவுதான். திரும்பும்போது எட்டு லிட்டர் மிச்சம் இருந்தது, சிவப்புத் துணி இல்லாத கேனில். வீட்டு அம்மாவிடம் சொன்னேன். உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து வைத்தார். கேனைச் சாய்த்து முழுவதையும் ஊற்றிவிட்டு வந்தோம்.