மாவட்ட நீதிமன்ற இலவச சட்ட உதவி: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் போய்ப் பாருங்கள்

காசு வாங்காத வக்கீல் என்றால் கடமைக்கு வந்து நிற்பார் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தந்த வக்கீல் அப்படி இல்லை.

தெருச்சண்டை ஒன்றில் என் தம்பி மேல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 296(பி), 115(2), 351(2) என்று மூன்று பிரிவுகளில் வழக்கு: ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. சம்மன் வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரே யோசனைதான். "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடுங்கம்மா, ஒரே நாள்ல முடிஞ்சிடும்." தையல் கடையை மூடிவிட்டு வாய்தா வாய்தாவாக அலையும் எனக்கும் அது சரி என்றே பட்டது.

அந்த வக்கீல் மேடம் முதலில் கேட்டது, "தம்பி என்ன படிக்கிறார்?" காவலர் தேர்வுக்குத் தயாராகிறான் என்றேன். பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: ஒப்புக்கொண்டால் அபராதம் சின்னதுதான், ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. போலீஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனாலும் தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்றுதான் கேட்கலாம். நான் குற்றவாளி இல்லை என்று வாதாட முடியாது. போலீஸ் தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் நமக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும், அதைப் படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றார். அன்று தம்பி குற்றத்தை மறுத்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வந்துவிடுகிறார். ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

குறையும் இருக்கிறது, அது சின்னக் குறை இல்லை. இப்படி ஓர் உதவி இருப்பதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அலுவலகம் பின்கட்டில், பெயர்ப்பலகையை மரம் மறைக்கிறது. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வக்கீல் இல்லாத ஏழை கேட்காவிட்டாலும் இலவச உதவி உண்டு என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும் என்று சுக்தாஸ் வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லாமல் நடத்திய விசாரணையில் கொடுத்த தண்டனையையே ரத்து செய்தது. இத்தனை வருடம் கழித்தும் எங்களுக்கு அது டீக்கடையில் தெரியவந்தது என்பதுதான் என் கோபம். எத்தனை பிள்ளைகள் விஷயம் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்!

மனு எழுதிக்கொடுத்த பிறகு வக்கீல் கிடைக்க மதியம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் வாய்தா அன்று காலையில் ஓடாமல் முன்னதாகவே போய்விடுங்கள். சம்மன், ஆதார், வருமானச் சான்று கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

வக்கீலுக்கு ஐந்துக்கு ஐந்து. தகவல் சொல்லும் விதத்துக்கு ஒன்றுதான் தருவேன்.