அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையம், சென்னை: கூச்சப்படாமல் போங்கள்

ஓட்டலுக்கும் செல்போனுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்கு யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லை, சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில், ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்பு நான் ஒரு தவறு செய்தேன். மே மாதம் ஆணுறுப்பில் ஒரு புண், வலியே இல்லை. எங்கள் ஏரியா கிளினிக் பூட்டிக் கிடந்தது, அரசு மருத்துவமனை என்றாலே கொரோனா வார்டுதான் நினைவுக்கு வந்தது, வழியில் போலீஸ் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு. தெருமுனை மெடிக்கலில் மெல்லக் கேட்டேன், அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். கொரோனாவுக்கும் ஊரே அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. சில வாரத்தில் புண் ஆறியது, நானும் விட்டுவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அந்தப் புண் மருந்தே இல்லாவிட்டாலும் தானாக ஆறிவிடும், கிருமி மட்டும் உடம்புக்குள்ளேயே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் செம்புள்ளிகள். செப்டம்பர் 1 அன்று மாநகரப் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியது, அந்த வாரமே சுகவாழ்வு மையத்துக்குப் போனேன்.

உள்ளே இருந்த ஆலோசகர் அம்மா, "பயப்படாம சொல்லுங்க தம்பி" என்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை, பக்கத்திலேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை, அப்புறம் அலர்ஜி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி, இடுப்பில் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக. நல்ல வலி. ஒரு ரூபாய் வாங்கவில்லை.

மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்கள். வீட்டில் உண்மையைச் சொன்ன அந்த ராத்திரியைப் பற்றி எழுத முடியாது. அவளுக்கும் சிபிலிஸ் பாசிட்டிவ். அவளைத் தனியாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார்கள், அதற்காகவே அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டவன். கர்ப்பமாக இருந்திருந்தால் குழந்தைக்கும் போயிருக்கக்கூடும். அமெரிக்காவில் 2020-ல் கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயின் கணக்கு குறைந்தது, பரிசோதனைக்கு வந்தவர்கள் குறைந்ததும் அதற்குப் பெரிய காரணம். அதே வருடம் அங்கே 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிபிலிஸோடு பிறந்ததாகப் பதிவானது. நோய் ஊரடங்கில் உட்கார்ந்திருக்கவில்லை.

குறை என்றால், போர்டு எங்கோ மூலையில் இருக்கிறது, மூன்று பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் பெஞ்சும் பொது நடையில்தான், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்று தலை குனிந்தே இருந்தேன். ஒரு திரையாவது போடலாம்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை, வி.டி.ஆர்.எல். அளவு 1:64 இருந்தது 1:8 ஆகக் குறைந்துவிட்டது. மனைவிக்கும் இறங்கிவிட்டது. நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. போவதென்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.