மாவு, மெழுகு, மண்: பிள்ளைகள் கையில் எதைக் கொடுக்கலாம்?

சப்பாத்தி போடும்போது பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு உருண்டை மாவு கிள்ளிக் கொடுக்காத வீடு இருக்காது. சாயங்காலத்துக்குள் அது பாம்பாகி, தோசையாகி, கடைசியில் சாம்பல் நிறத்தில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான், சரி, உருப்படியாக ஏதாவது வாங்கலாம் என்று கடைக்குப் போகிறோம். அங்கேயோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சரக்குகளை எல்லாம் 'கிளே' என்ற ஒரே பெயரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு வயதில் ஒருவன், இரண்டரை வயதில் ஒருத்தி. மூன்று வகையும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது.

முதலில் டப்பாவில் வரும் மாவு. பிளே-டோ இந்த வகைதான். அடிப்படையில் கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும். அமெரிக்காவின் சின்சினாட்டியில், கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க்காகிதத்தைத் துடைக்க விற்ற பொருள் இது. கரி அடுப்புகள் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு நர்சரி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க, 1956-ல் விளையாட்டுப் பொருளாக மறுபிறவி எடுத்தது. சுவரைக் கீறாமல் துடைக்கும் அந்த மென்மை சின்ன விரல்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

வீட்டிலேயே செய்யலாம்: 2 கப் மைதா, 1 கப் உப்பு, 2 கப் தண்ணீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய். சிறு தீயில் அல்வா மாதிரி கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கினால் போதும். அரிசி மாவில் முயற்சி செய்யாதீர்கள். இழுவை தருகிற குளூட்டன் அதில் இல்லை. கொழுக்கட்டை மாவு போல ஆறியதும் விண்டுபோகும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மைதாவும் வேண்டாம். உப்பு அதிகம் என்பதால் ஒரு வாய் வைத்ததுமே பெரும்பாலும் துப்பிவிடுவார்கள், ஆனாலும் ஒரு கண் இருக்கட்டும். நாய் இருக்கும் வீட்டில் இரண்டு கண்.

இந்த மாவின் குறை, எதுவும் நிற்காது. நாலு கால் வைத்து யானை செய்தால் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். அதனால் பிள்ளைகள் சீக்கிரமே தட்டையாகத் தட்டி அச்சு வெட்டப் போய்விடுகிறார்கள். அந்த நட்சத்திரத்தில் பிள்ளையின் பங்கு அழுத்தியது மட்டும்தான்.

இரண்டாவது, எண்ணெய் சேர்ந்த மெழுகுக் களி. இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், மாணவர்களுக்குக் காயாத களி வேண்டும் என்று 1897-ல் உருவாக்கிய பிளாஸ்டிசின்தான் இதற்கு முன்னோடி. காயாது, ஒழுகாது, ரயில் பயணத்துக்கு அருமை. ஆனால் எண்ணெய்க் கறை போகாது. எத்தனை நிறம் வாங்கினாலும் ஒரே வாரத்தில் எல்லாம் கலந்து ஒரு பழுப்பு. எனக்கு இதன் மேல் பெரிய பிரியம் இல்லை.

மூன்றாவது, குயவர் மண். கையில் வாங்கியதுமே அதன் கனமும் குளிர்ச்சியும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தகடு தகடான துகள்கள், அவற்றுக்கு இடையே நீர். அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். யானைக்குக் கால் நிற்பது இதனால்தான். விரல் மட்டும் போதாது, தோளைக் கொடுத்து அழுத்த வேண்டும். அதனால்தான் மூன்று வயதுக்குக் கீழே சிரமம்.

என் மகனின் முதல் யானைக்கு இரண்டாம் நாள் தும்பிக்கை விழுந்துவிட்டது. காயும்போது மண் சுருங்கும். சும்மா ஒட்டியது பிடிவிட்டுப் போகும். அடுத்த யானைக்கு இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டினான். நின்றது. உடைந்த யானையை வாளித் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் கரைந்து மறுபடி மண். முழுசாகக் காய்ந்ததுதான் சீக்கிரம் கரைகிறது, பாதி காய்ந்தது மசியவே மாட்டேன் என்கிறது. இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை, இரண்டு கிண்ணம் வைத்துச் சோதித்தான்.

உளவியலாளர் பியாஜேயின் பழைய சோதனை ஒன்று: சமமான இரண்டு உருண்டைகளில் ஒன்றைப் பாம்பாக உருட்டிவிட்டு எதில் அதிகம் என்று கேட்பது. ஏழு வயதுக்குள் பலரும் பாம்பைத்தான் காட்டுவார்கள், என் மகனைப் போல. இதை மாவிலும் செய்யலாம், உண்மைதான். ஆனால் நிறம் என்ற வேடிக்கை இல்லாததால் மண்ணில் பிள்ளையின் கவனம் முழுக்க உருவத்திலேயே நிற்கிறது.

தொல்லையும் உண்டு. கழுவிய நீரைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். காய்ந்த தூளைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேசையில் ஒட்டாமலிருக்கச் சாக்கு விரித்தால் போதும். மானாமதுரை, வில்லியனூர் பக்கம் இருப்பவர்களுக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்களில் குயவர் வீட்டில் போய், சலித்து மிதித்த மண் என்று கேட்டு வாங்குங்கள். காலி மனையில் தோண்டிய மண் வேண்டாம், கண்ணாடிச் சில் இருக்கும்.

ஆக, எங்கள் வீட்டில் சின்னவளுக்கு மாவு, பெரியவனுக்கு மண், மெழுகு பயணப் பையில். அப்புறம் ஒன்று: முதல் நாளே தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், ஈரத்துணி போதும். நாங்கள் வைத்தோம். பத்து நிமிடத்தில் யானை போய்க் குளம் வந்துவிட்டது.