சாம்பிள் 316, வந்த சரக்கு 201: சப்ளையர் தேடுபவர்கள் கவனத்துக்கு

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வாங்கிய போல்ட் துருப்பிடித்துவிட்டது. புகார் அவ்வளவுதான். இதைப் பதிவாக எழுதக் காரணம் வேறு. ஆன்லைன் சந்தை, கண்காட்சி, கொட்டேஷன் ஒப்பீடு, பழைய வாடிக்கையாளரின் சிபாரிசு, சாம்பிள் சோதனை, சான்றிதழ் என்று சப்ளையரைத் தேர்ந்தெடுக்க நிறுவனங்கள் வைத்திருக்கும் வழிகள் அத்தனையிலும் அதை விற்ற ஆள் பாஸ் ஆனார். அவற்றில் பாதிக்கு மேல் நேர்மையாகவே பாஸ் ஆனார். ஏமாற்றியது கடைசியில்தான்.

நாங்கள் செய்வது உப்புக்காற்றில் நிற்கும் பம்புகளைத் தாங்கும் சட்டங்கள் (ஃபிரேம்). அவற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் போட வேண்டும். சாதாரண ரகமான 304-ஐ விட விலை கூடுதல். காரணம், 316-இல் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். உப்பு பட்டுப் புள்ளி புள்ளியாகக் குழி விழுவதை அதுதான் தாங்கும். 201 என்பது இன்னும் கீழ் ரகம். விலை உயர்ந்த நிக்கலில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டு மாங்கனீஸைச் சேர்த்துச் செய்வது. கண்ணுக்கு மூன்றும் ஒரே பளபளப்பு. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இங்கே வேலைக்காகாது. மூன்றுமே காந்தத்தில் ஒட்டாத குடும்பம். சூடாக்காமல் அடித்து உருவாக்கிய போல்ட் என்றால் எந்த ரகமும் லேசாக ஒட்டும்.

வழக்கமாகத் தரும் சப்ளையரிடம் டெலிவரி இழுத்துக்கொண்டே போனதால் இரண்டாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஆன்லைனில் என்கொயரி போட்டதும் போன் ஓயாமல் அடித்தது. நம் என்கொயரியைச் சந்தா கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் அந்தத் தளங்களின் பிழைப்பு. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'வெரிஃபைடு' முத்திரைக்கு அர்த்தம், கம்பெனி பதிவில் இருக்கிறது, சந்தா கட்டியிருக்கிறது, அவ்வளவே. சரக்கை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. 2011-இல் அலிபாபா நிறுவனமே ஒப்புக்கொண்டது: 'கோல்டு சப்ளையர்' முத்திரை பெற்ற 2,326 விற்பனையாளர்கள் வாங்குபவர்களை ஏமாற்றியிருந்தார்கள், அதற்குத் தங்கள் விற்பனை ஊழியர்கள் சுமார் 100 பேர் உடந்தை அல்லது கண்டும் காணாமல் இருந்தார்கள் என்று. தலைமை நிர்வாகி டேவிட் வெய் அதற்காகப் பதவி விலகினார். அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கலாம். ஆனாலும் முத்திரை முத்திரைதான்.

கொட்டேஷன்களை வரிசைப்படுத்தியபோது நம்ம ஆள் எல்1 (எல்லோரையும் விடக் குறைந்த விலை) இல்லை, அதற்கு அடுத்த எல்2. இதை நான் பிறகு நிறைய யோசித்தேன். எல்லோரையும் விடக் குறைத்துச் சொல்பவரை எல்லோரும் சந்தேகிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1966-இல் கேரி டிக்சன் என்பவர் கொள்முதல் மேலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் 23 அளவுகோல்களில் தரம் முதலிடம், டெலிவரி இரண்டு, கடந்தகாலச் செயல்பாடு மூன்று. விலைக்குக் கிடைத்தது ஆறாவது இடம். ஆய்வில் பதில் சொல்லும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஒப்பீட்டுத் தாளில் மஞ்சள் அடித்திருக்கும் பத்தி எது என்று பாருங்கள், தெரிந்துவிடும். விற்பவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் தலைகீழ் ஏலம் நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு இன்னும் ஆபத்து. சரக்கு வந்ததும் அளந்து பார்த்துவிடக்கூடிய பொருள் என்றால் ஏலம் பலன் தரும். தரம் கண்ணுக்குத் தெரியாத பொருளில், அசல் 316 விற்பவர்தான் முதலில் ஏலத்திலிருந்து விலகுவார். அவரால் அந்த விலைக்குத் தர முடியாது.

சாம்பிள் வந்தது. லேபுக்கு அனுப்பினோம். சுத்தமான 316. முதலில் கொடுத்த சின்ன ஆர்டரும் சரியாகவே வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, அந்தச் சோறும் அதே பானையில் வெந்ததாக இருந்தால்தான். சாம்பிளுக்கு ஒரு பானை, ஆர்டருக்கு ஒரு பானை வைத்திருப்பவரிடம் அந்தப் பழமொழி செல்லாது.

கண்காட்சியில் அவருடைய ஸ்டாலையும் பார்த்தோம். ஸ்டால் போட வாடகை கட்டினால் போதும், பட்டறை சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வீடியோ காலில் ஒரு பட்டறையைச் சுற்றிக் காட்டினார். அது யாருடைய பட்டறை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சிபாரிசுக்கு ஒரு வாடிக்கையாளர் எண் கொடுத்தார். பேசினோம். 'நல்ல பார்ட்டி, நாங்க ரொம்ப நாளா வாங்குறோம்' என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அவர் வாங்குவது கட்டடத்துக்குள் வைக்கும் மேஜை நாற்காலிகளுக்கு 304 போல்ட். மழை, உப்பு எதுவும் படாது. அவருக்கு 201 போயிருந்தாலும் புகார் சொல்லக் காரணமே வராது. சிபாரிசு கேட்கும்போது 'எப்படி, நல்லா தர்றாரா?' என்று கேட்டு என்ன பயன்? 'என்ன ரகம் வாங்குறீங்க, எங்க போடுறீங்க, எப்பவாவது டெஸ்ட் பண்ணினீங்களா?' என்று கேட்க வேண்டும்.

பிறகு பெரிய ஆர்டர். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு வந்து சரிபார்த்த பிறகு. வந்த லாட் 3,000. சாம்பிள் எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி அந்த அளவுக்கு 125 எண்ணம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்று வைத்தால் 7 வரை குறை இருந்தாலும் ஏற்கலாம். குறை ஒன்றுகூட இல்லை. மரை கேஜ் வழுக்கிக்கொண்டு ஏறியது, நீளம் சரி, தலையில் 'ஏ4-70' என்று அச்சு. 316 குடும்பத்துக்கு உரிய குறியீடு அதுதான். சான்றிதழும் பெட்டியோடு வந்தது. மீதிப் பணம் போனது. எத்தனை போல்ட்டை எடுத்துப் பார்த்தாலும் எதைத் தேடுகிறோமோ அதுதான் அகப்படும். அட்டவணை உலோகத்தின் உள்ளே பார்ப்பதில்லை.

சில மாதங்களில் வாடிக்கையாளரிடமிருந்து போட்டோ வந்தது. ஒவ்வொரு போல்ட் தலைக்கும் கீழே பழுப்பு நிறத்தில் ஒழுகல்.

பொருளின் ரகம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தோம். போல்ட் தலைமேல் வைத்து விசையை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் திரையில் எண்கள் வந்துவிடும். மாலிப்டினம் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். நிக்கல் 10-க்குக் குறையக் கூடாது, நாலு சொச்சம் காட்டியது. மாங்கனீஸ் 2-ஐத் தாண்டக் கூடாது, ஆறுக்கு மேல் நின்றது. 304-கூட இல்லை, அப்பட்டமான 201. அதன் தலையில் யாரோ அச்சு செய்து 'ஏ4-70' குத்தியிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் ரகக் குறியீட்டோடு இருக்க வேண்டிய உற்பத்தியாளர் முத்திரை மட்டும் இல்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கான தரவிதியான ஐஎஸ்ஓ 3506 இரண்டையும் கேட்கிறது. பெட்டி லேபிளை உரித்தால் அடியில் வேறொரு லேபிள்.

சான்றிதழ் கதை இதைவிட மோசம். சின்ன ஆர்டரோடு வந்ததையும் பெரிய ஆர்டரோடு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹீட் நம்பர் (ஆலையில் ஒவ்வொரு முறை உருக்கும் உலோகத்துக்கும் போடும் எண்) வேறு, தேதி வேறு. ஆனால் கார்பன், குரோமியம், நிக்கல், எல்லாமே மூன்றாவது தசமம்வரை ஒன்று. இழுவிசை எண்கூட அதேதான். இரண்டு முறை உருக்கிய உலோகம் அப்படி அச்சு அசலாக வரவே வராது. இரண்டாவது தாளில் ஹீட் நம்பர் மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் தடிமன். தாளின் மேலே 'இஎன் 10204, 3.1' என்று இருந்தது. உலோகச் சோதனைச் சான்றிதழ்களுக்கான ஐரோப்பிய விதி அது. அந்த வகைச் சான்றிதழில் உற்பத்தியாளரின் சோதனைப் பிரதிநிதி கையெழுத்திட வேண்டும். இடையில் இருக்கும் வியாபாரி அசலையோ திருத்தாத நகலையோதான் கைமாற்றலாம். இவர் தன் லெட்டர்ஹெட்டிலேயே அடித்துக் கொடுத்திருந்தார். சான்றிதழில் பெயர் போட்டிருந்த ஆலைக்கு மெயில் அனுப்பிக் கேட்டோம். அந்த ஹீட் நம்பர் எங்களுடையது அல்ல என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவரைக் கூப்பிட்டேன். 'சார், உங்க மெஷின் கேலிபரேஷன் போயிருக்கும் சார்' என்றார் முதலில். லேப் ரிப்போர்ட் அனுப்பியதும், 'ஒரு பெட்டி மாத்தித் தர்றேன், பிரச்சினை பண்ணாதீங்க.' கடைசியாக, 'நீங்கதான சார் இன்ஸ்பெக்ட் பண்ணி எடுத்தீங்க?' அதன் பிறகு எங்கள் எண்களைப் பிளாக் செய்துவிட்டார்.

எல்சி (ஆவணங்களைப் பார்த்து வங்கி பணம் தரும் கடன் கடிதம்) போட்டிருந்தால் தப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அநேகமாகத் தப்பியிருக்க முடியாது. எல்சிக்கான யூசிபி 600 விதிகளின் 5-வது பிரிவே, வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை அல்ல என்கிறது. எங்களுக்கு வந்த ஆவணங்களில் மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது. வங்கி அநேகமாகப் பணத்தை விடுவித்திருக்கும். ஐஎஸ்ஓ 9001 இருந்ததா என்றும் கேட்டார்கள். அது நிர்வாக முறைக்குத் தரும் சான்று, போல்ட்டுக்குத் தருவது அல்ல. அதையும் ஐஎஸ்ஓ நேரடியாகத் தருவதில்லை, வெளிச் சான்று நிறுவனங்கள் தருகின்றன.

இது சின்ன நிறுவனங்களின் தலைவிதி என்று நினைக்க வேண்டாம். நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள், 2009-இல் ஒன்றும் 2011-இல் ஒன்றும், ராக்கெட் மூக்குக் கவசம் பிரியாமல் விழுந்தன. இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். கவசப் பாகத்துக்கு அலுமினியம் கொடுத்த சாபா புரொஃபைல்ஸ் என்ற நிறுவனம் 1996 முதல் 2015 வரை சோதனை முடிவுகளைத் திருத்தியே சான்றிதழ் கொடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. 2019-இல் 4.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இப்போது எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் சில வரிகள் கூடியிருக்கின்றன. சரக்கு ஹீட் நம்பர் வாரியாகத் தனித்தனிப் பெட்டியில் வர வேண்டும். ஆலையின் அசல் சான்றிதழ் சரக்குக்கு முன்னாலேயே வர வேண்டும், நாங்கள் ஆலையிடம் நேரே கேட்டு உறுதிசெய்வோம். எந்தப் பெட்டியில் எந்த போல்ட்டை எடுப்பது என்பது எங்கள் முடிவு. ஒன்று ரகம் மாறியிருந்தாலும் முழு லாட்டும் அவர் செலவில் திரும்பும். ஏற்றுக்கொண்ட பிறகு மறைந்திருந்த குறை தெரிந்தாலும் பொறுப்பு அவருடையதே. பணத்தில் ஒரு பங்கு கொஞ்ச காலம் எங்களிடமே நிற்கும். இதைப் படித்ததும் சிலர் கொட்டேஷனே அனுப்பாமல் நின்றுவிடுகிறார்கள். நல்லதுதான், லேப் செலவு மிச்சம்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. எழுதினாலும் பெரிய பயனில்லை. அதே பட்டறைப் படங்களோடு புதிய பெயரில், புதிய முத்திரையோடு ஒரு கணக்கு வந்திருக்கிறது. 316 என்று யார் கொடுத்தாலும், பழைய சான்றிதழையும் புதியதையும் சேர்த்து வைத்துத் தசமங்களைப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள், ஆலைக்கு எழுதுங்கள்.