புது சுக்கான் மாட்டிப் பல பருவங்கள் ஓட்டிய பிறகு

எங்களுடையது 16 அடி நீளமுள்ள சின்னப் பாய்மரப் படகு. ஃபைபர் உடல், பின்பலகைக்கு வெளியே தொங்கும், படகைத் திருப்பும் சுக்கான். படகோடு வந்த அந்தச் சுக்கானைக் கழற்றிவிட்டு, நண்பர்கள் சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்து மாட்டினோம். மாட்டிய சூட்டோடு எழுதினால் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும். அதனால் பொறுத்திருந்தேன். இப்போது அது உப்புத்தண்ணீர், வெயில், மணல்திட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. எது உழைத்தது, எது தேய்ந்தது என்று இனி தைரியமாகச் சொல்லலாம்.

பழையதை ஏன் மாற்றினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று சற்று வலுத்தாலே டில்லரில், அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியில், ஒரு ஆட்டம் தெரியும். அலை பின்னாலிருந்து தள்ளும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு. கழற்றித் தூக்கியபோது அந்த அளவுள்ள பலகைக்கு இருக்கக்கூடாத கனம் இருந்தது. உள்ளே ஃபோம், மேலே இரண்டு ஃபைபர் ஓடுகள், ஓரத்தில் ஒட்டு. இந்த வகைச் சுக்கான்களின் வழக்கமான கட்டுமானம் இதுதான். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும், ஒட்டு விட்ட இடத்தில் பொத்தென்று வரும். எங்களுடையதில் கீழ்ப்பாதி முழுக்கப் பொத்துச் சத்தம். அடியில் சின்னதாக ஒரு துளை போட்டதும் பழுப்புநிறத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஃபைபர் வேலை செய்து பழகிய நண்பர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுல ஒட்டுப் போடாதே. போல்ட் ஓட்டை வழியாத்தான் தண்ணி போயிருக்கு" என்றார். போல்ட்டை உருவிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. வெளியே பளபளவென்று இருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பலகைக்குள் மறைந்திருந்த இடத்தில் மட்டும் குழிகுழியாக அரித்திருந்தது. அந்த உலோகத்தைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது உடைந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். ஈரமாகவும் காற்றுப் புகாமலும் இருக்கும் இடுக்கில் அதற்கு வழியில்லை.

அந்த ஓட்டைதான் எங்கள் மொத்தத் திட்டத்தையும் தீர்மானித்தது. சுக்கான் எந்தப் பொருளில் செய்தது என்பதைவிட, அதில் போட்ட ஓட்டைகளும் அதன் ஓரங்களும் எப்படி அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதே அதன் ஆயுள். இத்தனை பருவங்களுக்குப் பிறகும் நான் அழுத்திச் சொல்வது அதைத்தான்.

எந்தப் பொருளில் செய்வது என்று நிறையப் பேசினோம். எச்டிபிஇ பிளாஸ்டிக் தகடு தண்ணீர் குடிக்காது, அழுகாது. ஆனால் வளையும், பசையோ பெயிண்டோ அதில் சரியாக ஒட்டாது. அலுமினியத் தகட்டை வெட்டலாம், ஆனால் விமான இறக்கை மாதிரியான குறுக்குவெட்டு கிடைக்காது. கடைசியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சியால் (கலந்ததும் இறுகும் இருபகுதிப் பசை) ஒட்டி, செதுக்கி, மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்துவது என்று முடிவானது.

செதுக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டும்போது கையில் தெரிவது அதுதான். பலகையின் அகலம் 24 செ.மீ., தடிமன் 24 மி.மீ.; அதாவது பத்து சதவீதம். இதற்கு நாகா (NACA) 0010 என்ற வடிவம் பொருந்தும். அமெரிக்காவின் நாகா அமைப்பு விமான இறக்கைகளுக்காகச் சோதித்து 1933-இல் வெளியிட்ட நான்கு இலக்க வரிசையைச் சேர்ந்தது இது. முதல் இரண்டு பூஜ்யங்கள் இருபுறமும் ஒரே மாதிரி வளைவு என்பதைச் சொல்கின்றன. பின்னால் உள்ள 10 தடிமன் சதவீதம். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் முப்பது சதவீதம் தள்ளி அதிகபட்சத் தடிமன் வரும், அங்கிருந்து பின்னால் மெல்லியதாக இறங்கும்.

மரவேலை தெரிந்த நண்பர் கையில் இழைப்புளி இருந்தது. அளவுக்கு அட்டையில் வெட்டிய அச்சு இருந்தது. அச்சை அவர் அவ்வளவாகப் பார்க்கவே இல்லை. பிளைவுட்டை இழைக்க இழைக்க அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். ஒட்டுப் பசை இருக்கும் இடம் கருங்கோடாக நீளும். இழைப்பு சீராக இருந்தால் அந்தக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். எங்கேயாவது பள்ளம் விழுந்தால் அங்கே கோடு நெளிந்துவிடும். அந்த நெளிவைப் பார்த்தே அவர் எங்கே இன்னும் எடுக்க வேண்டும் என்று காட்டினார். முன்விளிம்பைக் கூராக்காமல் உருண்டையாக விட்டார். பின்விளிம்பைக் கத்தி மாதிரி ஆக்காமல் இரண்டு மி.மீ. அளவுக்குச் சதுரமாக நிறுத்தினார். உருட்டிவிட்ட பின்விளிம்பு வேகம் எடுக்கும்போது அதிர்ந்து ரீங்காரம் போடும். பழையது அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தது. புதியதில் இதுவரை சத்தமே இல்லை.

எபாக்சி வேலைக்குத்தான் நாலு கை வேண்டும். கலக்கிய எபாக்சி கிண்ணத்திலேயே குவிந்து கிடந்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். அகலமான தட்டில் ஊற்றினால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஒருவர் அளந்து கலக்க, ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க, ஒருவர் உருளையால் காற்றுக்குமிழை வெளியேற்ற என்று பிரித்துக்கொண்டோம். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி. முன்விளிம்பைச் சுற்றி மடித்துப் பின்விளிம்பில் வெட்டினோம். தனியாளாக இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கையுறை கட்டாயம்; எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு விடாது. இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படிவு வரலாம். அதை வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு பிடிக்காது.

ஓட்டைகளுக்கு வருகிறேன். 8 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. துளை போட்டோம். துளையின் உட்சுவரில் முதலில் நீர்த்த எபாக்சியைத் தடவி, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கியதை நிரப்பினோம். இறுகியதும் அதன் நடுவே 8 மி.மீ. துளை. இப்படிச் செய்தால் போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு எபாக்சிச் சுவர் நிற்கும். போல்ட் வழியாக ஈரம் வந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் 316 ரகம். இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புத்தண்ணீரில் சாதாரண 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும்.

சுக்கானின் ஊசிகள் செருகும் வளையங்கள் பின்பலகையில் இருக்கின்றன. மேல் வளையமும் கீழ் வளையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டின் ஊடாகவும் ஒரு நேரான கம்பியைச் செருகிப் பார்த்தோம். அது பிடிக்காமல் சுழன்றால் போதும். உள்ளே அகலமான தகடு வைத்து நட்டை முடுக்க, ஒல்லியான நண்பர் ஒருவர் பின்தளத்துக்கு அடியில் தோள்வரை நுழைந்து கிடந்தார். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணவா, போதுமாடா?" என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அடைப்புக்கு பியூட்டைல் டேப். சுக்கானில் உள்ள இரண்டு ஊசிகளில் கீழ் ஊசி மேல் ஊசியைவிடச் சற்று நீளம். மிதக்கும் படகில் குனிந்து மாட்டும்போது முதலில் கீழே ஒன்றைச் செருகிவிட்டு, பிறகு மேலே சேர்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் குறிபார்ப்பது பெரிய பாடு. மேலே எழும்பிக் கழன்றுவிடாமல் ஒரு கிளிப்பும் உண்டு. படகு கவிழ்ந்தால் அந்தக் கிளிப்தான் சுக்கானைக் காப்பாற்றும்.

சரி, ஓட்டம் எப்படி? முதல் நாளிலிருந்தே டில்லர் லேசாகிவிட்டது. காற்று குறைந்த நேரத்தில் திசை மாற்றும்போது படகு பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. பழைய தட்டையான பலகையைக் கொஞ்சம் அதிகம் திருப்பினால் நீரோட்டம் பிரிந்து பிடியே விட்டுப்போகும். இது அந்தக் கோணத்திலும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் படகு தானாகக் காற்றுப்பக்கம் திரும்பப் பார்க்கும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுக்கான் தீர்க்காது. படகைச் சாயவிடாமல் ஓட்டுவது, பாய்மரத்தின் சாய்வு, பெரிய பாயை எவ்வளவு தட்டையாக இழுக்கிறோம் என்பவைதான் தீர்க்கும். புது சுக்கான் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை தட்டினால் மேலே மடங்கும் வகை. மணல்திட்டில் மோதியபோது சரியாக மடங்கியது. கீழ்முனையில் மட்டும் துணி சிராய்ந்து மரம் தெரிந்தது. கரையேற்றி, நன்றாக உலரவிட்டு, எபாக்சி பூசி மூடிவிட்டோம். மடங்கும் வகை வைத்திருப்பவர்கள் பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கட்டாயம் இறுக்கிக் கட்ட வேண்டும். பலகை பின்னால் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே டில்லர் கல்லாகக் கனக்கும்.

தேய்ந்தவை என்று பார்த்தால் பலகைக்கும் பக்கத் தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் நைலான் வாஷர்கள்தான் முதலில். அவற்றை மாற்றியதும் ஆட்டம் போய்விட்டது. இரண்டு பகுதி பாலியூரித்தேன் பெயிண்ட், தண்ணீருக்குக் கீழே நன்றாக இருக்கிறது. வெயில்படும் மேல்பாதியில் வெளிறிப் பொடியாகிறது. அதை விட்டுவைக்க முடியாது, எபாக்சி நேரடி வெயிலைத் தாங்காது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு போல்ட்டையாவது உருவிப் பார்க்கிறேன். டீக்கறை மாதிரி பழுப்பு எதுவும் இதுவரை இல்லை. போன முறை தராசில் வைத்தபோதும் மாட்டிய நாளில் குறித்து வைத்த எடையேதான். எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த எண் அது.

உங்கள் படகு மாதிரிக்குச் சரியான சுக்கான் விலைக்குக் கிடைக்கிறது, கையில் நேரம் இல்லை என்றால் வாங்கிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் போல்ட் ஓட்டைகளை மட்டும் மேலே சொன்னபடி அடைத்துக்கொள்ளுங்கள். கூட நிற்க நண்பர்கள் இருந்தால் செய்தே பாருங்கள். எங்கள் அச்சு அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறோம். பின்தளத்துக்கு அடியில் நுழைந்தாரே, அந்த நண்பரின் படகுக்கும் சுக்கானில் பொத்துச் சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. அடுத்து அதைத்தான் செய்யப்போகிறோம்.