ஷெல்டர்ல நாய் அடாப்ட் பண்ண அனுபவம், 5க்கு 4

போன மாசம் ஒரு ஷெல்டர்ல இருந்து நாய் அடாப்ட் பண்ணோம். நாலு வயசு, பொண்ணு, முழு கருப்பு. 4 ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னுதான் நிறைய எழுதப்போறேன், எனக்கு அது சின்ன விஷயமா தெரியல.

அங்க இருக்கறவங்க தங்கமானவங்க. வீட்ல யார் யார் இருக்கீங்க, பகல்ல எத்தனை மணி நேரம் தனியா இருக்கும்னு பொறுமையா கேட்டாங்க, தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், மைக்ரோசிப் (தோலுக்கு அடில வைக்கற அடையாள சிப்) எல்லாம் முடிச்சு பேப்பரோட கைல குடுத்தாங்க. கென்னல், அதாவது நாய்ங்கள வைக்கற கூண்டு, சுத்தம். இதுல ஒரு குறையும் இல்ல.

குறை போட்டோலதான். ஒரு வாரமா தினமும் அவங்க வெப்சைட்ட பாத்துட்டே இருந்தோம், இப்போ என் காலடில படுத்திருக்காளே இவ போட்டோவ நானே நாலஞ்சு தடவை தள்ளிவிட்டு போயிருக்கேன், நினைச்சா வயிறு கலங்குது. ஏன்னா அந்த போட்டோல நாயே இல்ல. பின்னாடி பளீர்னு வெயில், முன்னாடி இருட்டா ஒரு உருவம், அவ்ளோதான். போன் கேமரா பின்னாடி இருக்கற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி தானா செட் ஆயிடும், அப்போ கருப்பு முடி, கருப்பு மூக்கு, கண்ணு எல்லாம் ஒண்ணா கலந்து போயிடும். நாம ஒரு நாய பாத்ததும் தேடறதே கண்ணையும் புருவத்தையும்தானே, அது தெரியலைன்னா எப்படி மனசுல ஒட்டும்? பக்கத்து போட்டோல பழுப்பும் வெள்ளையுமா ஒண்ணு புருவத்த தூக்கி பாக்குது, எல்லாரும் அதத்தான் கிளிக் பண்ணுவாங்க. நானும் அதத்தான் பண்ணேன்.

அத பாக்கத்தான் போனோம், அதுக்குள்ள வேற யாரோ எடுத்துட்டாங்க. வாலன்டியர் அக்கா ஒருத்தங்க "ஒரு நிமிஷம் வாங்க"ன்னு கடைசி கென்னலுக்கு கூட்டிட்டு போனாங்க. அங்க லைட் கம்மி, உள்ள நாய் இருக்கறதே முதல்ல தெரியல. அவள வெளிய கொண்டுவந்து வெயில்ல நிறுத்தினதும்தான் பாத்தேன், நெஞ்சுகிட்ட முடி லேசா செம்பட்டையா மின்னுது, தாடைல நாலு வெள்ளை முடி, தலைய சாய்ச்சு என்னையே பாக்கறா. ஏழு மாசமா இருக்காளாம்.

ஏன்க்கா இவ்ளோ நாள்னு கேட்டேன். கருப்புன்னா ஆகாதுன்னு வீட்ல சொல்றவங்க இருக்காங்க, பூனைன்னா இன்னும் மோசம்னாங்க. 1233லயே போப் ஒன்பதாம் கிரிகோரி எழுதின ஒரு ஆணைல கருப்பு பூனைய சாத்தான் வழிபாட்டோட சேத்து பேசியிருக்கு, ஆனா ஜப்பான்ல அதே பூனை அதிர்ஷ்டம். பூனை ஒண்ணுதான், நாமதான் ஊருக்கு ஒரு கதை கட்டி வச்சிருக்கோம்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்குன்னு அக்காவே சொன்னாங்க. நாய்ல கருப்பு நிறத்துக்கான மரபணு பெரும்பாலும் ஓங்கி நிக்கற ரகம், அதாவது அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும், அதனால கருப்பா பொறக்கறது நிறைய, ஷெல்டருக்கு வர்றதும் நிறைய, எத்தனை போனாலும் மிச்சம் நிக்கறதும் அதுங்கதான். கருப்பு நாய்க்கு வீடு கிடைக்க லேட்டாகுதான்னு பாத்த ஆராய்ச்சிகளும் ஒரே மாதிரி சொல்லல, நிறத்த விட வயசும் சைஸும் இனமும்தான் முக்கியம்னு சொன்னதும் உண்டு. சரிதான், ஆனா வரிசையா அஞ்சு கருப்பு நாய் ஒரே மாதிரி தெரியும்போது எது எதுன்னு யார் நின்னு பாப்பா?

அதனால ஷெல்டர்காரங்களுக்கு என் வேண்டுகோள், போட்டோ எடுக்கும்போது ஸ்கிரீன்ல நாயோட மூஞ்சி மேல தொட்டு வெளிச்சத்த ஏத்துங்க, வெயில பின்னாடி வைக்காம பக்கவாட்டுல வைங்க, ஃபிளாஷ் வேணாம், கண்ணு பேய் மாதிரி பச்சையா எரியும். கழுத்துல மஞ்சளோ சிவப்போ ஒரு துணி கட்டுங்க. "கருப்பு, 4 வயசு, சாது"ன்னு நிறுத்தாம இவ பந்த எடுத்துட்டு வந்து நம்ம கைலயே வைப்பான்னு எழுதியிருந்தா நான் முதல் நாளே வந்திருப்பேன். கடைசி கென்னலுக்கு ஒரு நல்ல லைட்டும் போடுங்க.

இத நேர்லயும் சொன்னேன், முகம் சுளிக்காம கேட்டு குறிச்சுக்கிட்டாங்க. இவ இருந்த இடத்துக்கு பக்கத்துல இன்னொரு கருப்பு பையன் இருக்கான், ஒரு காது மடங்கியிருக்கும். அங்க போறவங்க அவன வெயிலுக்கு கொண்டுவந்து காட்ட சொல்லுங்க.