டெஸ்மோஸும் கிராஃப் ஷீட்டும்: டியூஷன் வகுப்பில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நேரிய சமன்பாடுகளுக்கு வரைபடம் வரையச் சொல்லிக்கொடுக்க, சில வருடங்களாக டெஸ்மோஸ் செயலியைப் பயன்படுத்துகிறேன். இலவசம். போனில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் முதல் நாளே பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒய் = எம்எக்ஸ் + சி என்று தட்டினால், எம், சி இரண்டுக்கும் ஸ்லைடர் (மதிப்பை மாற்ற விரலால் இழுக்கும் பட்டை) வேண்டுமா என்று அதுவே கேட்கும். எம்மை நகர்த்தினால் கோடு சாயும். சி-யை நகர்த்தினால் சாய்வு மாறாமல் ஏறி இறங்கும். போர்டில் எத்தனை கோடு போட்டாலும் இந்தத் தெளிவு வராது.

நான் எடுக்கும் உதாரணம் ஆட்டோ மீட்டர். சென்னைக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போடும் ஆட்டோ எங்கே சார் இருக்கு என்று யாராவது ஒருவன் கேட்காமல் இந்த வகுப்பு நடந்ததே இல்லை.) 1.8 வரை படுத்த கோடு, பிறகு ஒய் = 12எக்ஸ் + 3.4. டெஸ்மோஸில் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் நெளிவு அடைப்புக்குள் எக்ஸ் 1.8-க்கு மேல் என்று எழுதினால், கோடு சரியாக அங்கிருந்துதான் கிளம்பும். அந்த 3.4 எங்கிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்புறம் கேட்பேன்: ‘மீட்டருக்கு மேல இருபது ரூபா போட்டுக் கொடுங்க’ என்றால் கோடு என்ன ஆகும்? சி 23.4 ஆகும், கோடு இணையாக மேலே போகும். இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இரவுக் கட்டணம் ஒன்றரை மடங்கு என்றதும்தான் தடுமாறுவார்கள். அதுவும் இணையாகத்தான் ஏறும் என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஒய் = 18எக்ஸ் + 5.1 என்று தட்டியதும் கோடு முன்னதைவிடச் சாய்வு கூடிக் கிளம்பும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தச் செயலியை வைத்திருக்கிறேன்.

குறை என்னவென்றால், அளவுத்திட்டம். செயலியில் இரண்டு விரலால் விரித்தால் அச்சில் எண்கள் தானாக மாறிக்கொள்ளும். கிராஃப் ஷீட்டில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ., ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய் என்று முடிவு செய்தால்தான் ஒரு சின்னக் கட்டம் ஒரு ரூபாய் என்பது விளங்கும்; 2 கிலோமீட்டருக்கு வரும் 27.4-ஐ 27-க்குச் சற்று மேலே வைக்க முடியும். ஒய் அச்சிலும் 1 செ.மீ. = 1 ரூபாய் என்று வைக்கும் பிள்ளைக்கு 8 கிலோமீட்டருக்கான 99.4 தாளைத் தாண்டிப் போய்விடும். செயலியில் பழகிய பிள்ளை இதில்தான் சிக்குகிறான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அங்கே விரித்துப் பார்க்க விரல் உதவாது.

அதனால் என் வரிசை இது: அட்டவணை, தாள், கூர்சீவிய பென்சில், அளவுத்திட்டத்தை வலது மூலையில் எழுதுவது. இத்தனையும் கைக்கு வந்த பிறகே போன். தாளில் போட்ட அதே கோட்டைச் செயலியில் சரிபார்க்கச் சொல்வேன். நான்கு புள்ளியில் ஒன்று கோட்டை விட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் குறியில்தான் கோளாறு இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்லைடர் வழக்கமாக -10 முதல் 10 வரைதான் ஓடும். எம்மின் எல்லையை 1000 வரை நீட்டி அங்கே நகர்த்தினால் கோடு செங்குத்தாக நிற்பதுபோல் தெரியும். எக்ஸ் அச்சை மட்டும் நன்றாக விரித்துப் பார்த்தால் இன்னும் சாய்வாகத்தான் இருக்கும். எக்ஸ் = 3 என்று தனியாகத் தட்டினால்தான் செங்குத்துக் கோடு வரும். இதை ஸ்லைடர் பாடத்தோடு சேர்த்தே காட்டிவிடுங்கள்.

ஜியோஜீப்ரா என்ற இன்னொரு கணக்குச் செயலியும் வைத்திருக்கிறேன். வடிவியலுக்கு அதுதான் கை கொடுக்கும். நேர்கோட்டுக்கு மட்டும் என்றால் டெஸ்மோஸ் எளிது. டேப் எல்லாம் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய போனே போதும், நான்கு பேருக்கு ஒன்று இருந்தால் சரி.